கல்லூரிக் கால்பந்தில் கைதுகளும் போதை விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே கால்பந்து என்று சொல்வது அமெரிக்கக் கால்பந்தை. கல்லூரி என்பது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்களை. ஆகஸ்டில் சீசன் தொடங்குவதற்கு முன்னால், பயிற்சி இல்லாத மாதங்களில்தான் கைதுச் செய்திகள் அதிகம் வரும். சந்தேகங்களும் அப்போதுதான் கிளம்பும்.

ஒரு வீரர் கைதானால் என்சிஏஏ என்ன தண்டனை கொடுக்கும்?

எதுவும் கொடுக்காது. புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம்ப மறுக்கும் விஷயம் இது. என்சிஏஏ விதிநூல் ஊக்கமருந்துக்குத் தண்டனை சொல்கிறது. படிப்பில் மோசடி, பந்தயம் கட்டுதல் எல்லாவற்றுக்கும் சொல்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கோ, அடிதடியில் கைதானவருக்கோ எத்தனை ஆட்டம் தடை என்று அதில் ஒரு வரி கிடையாது. தசை வளர்க்கும் மருந்து சாப்பிட்டால் ஓராண்டு போகும் என்பது எழுதி வைத்த விதி. ஆயுதத்தோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்பது பயிற்சியாளரின் மனநிலை, வரப்போகும் எதிரணி, பல்கலைக்கழகத் தலைவரின் துணிவு ஆகியவற்றைப் பொறுத்தது. ஒரே மாதிரிக் குற்றத்துக்கு ஓர் ஊரில் நீக்கமும் இன்னோர் ஊரில் அரை ஆட்டத் தடையும் வருவது இதனால்தான்.

அப்படியென்றால் யார்தான் முடிவெடுக்கிறார்கள்?

மூன்று தடங்கள் தனித்தனியாக ஓடுகின்றன. முதலாவது போலீசும் நீதிமன்றமும். இரண்டாவது பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு அலுவலகம். பாலியல் புகார் என்றால் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டப்படி தனி விசாரணை நடக்கும். மூன்றாவது விளையாட்டுத் துறையும் பயிற்சியாளரும்.

ஒன்றில் தப்பினால் மற்றதிலும் தப்பியதாக எடுத்துக்கொள்ள முடியாது. நீதிமன்றம் வழக்கைக் கைவிட்ட பிறகும் ஒழுங்கு அலுவலகம் மாணவரை வெளியேற்றலாம், ஏனென்றால் அங்கே தேவைப்படும் நிரூபண அளவு குறைவு. தலைகீழாகவும் நடக்கும்: வழக்கு நிலுவையில் இருக்கும்போதே வீரர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பார். பேய்லர் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது தடம் சரியாக இயங்கவே இல்லை என்று வெளி வழக்கறிஞர் நிறுவனத்தின் விசாரணை சொன்னதும், 2016-இல் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் வேலையை இழந்தார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் அந்தப் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்.

ஃபெலனி, மிஸ்டிமீனர் என்று பிரிக்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

மிக மிக முக்கியம். ஃபெலனி பெருங்குற்றம், பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறை வரக்கூடியது. மிஸ்டிமீனர் அதற்குக் கீழே. பல பல்கலைக்கழகங்களில் ஃபெலனி வழக்கு பதிவானால் அது தீரும்வரை வீரர் ஆட முடியாது. மிஸ்டிமீனர் என்றால் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கோடு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1999-இல் புளோரிடா ஸ்டேட் நட்சத்திரம் பீட்டர் வாரிக் வழக்கே பாடம். டல்லஹாசியில் ஒரு கடையில் 412.38 டாலர் மதிப்புள்ள துணிகளை, பணியாளர் ஒருவரின் துணையோடு, 21.40 டாலருக்கு வாங்கினார். புளோரிடாவில் அப்போது 300 டாலரைத் தாண்டினாலே பெருந்திருட்டு, அதாவது ஃபெலனி. அதனால் பல்கலைக்கழக விதிப்படி உட்கார வைக்கப்பட்டார். குற்றச்சாட்டு சிறு திருட்டாகக் குறைக்கப்பட்டதும் இரண்டு ஆட்டத் தடையோடு திரும்பிவிட்டார். 2000 ஜனவரியில் சுகர் போல் ஆட்டத்தில் (போல் என்பது சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) வர்ஜீனியா டெக்கை வென்று பட்டம் வாங்கியபோது ஆட்ட நாயகன் அவர்தான். எனவே கைதான வீரரின் வழக்கறிஞர் முதலில் பேரம் பேசுவது சிறைக்காலத்தைப் பற்றியல்ல, குற்றத்தின் வகையைப் பற்றித்தான்.

மற்ற மாணவர்களைவிட இவர்கள்தான் அதிகம் கைதாகிறார்களா?

சரியான ஒப்பீடு செய்வது கடினம். மற்ற மாணவர்களின் கைது செய்தியாவதில்லை. மூன்றாம் நிலை மாற்று வீரரின் கைதுகூட உள்ளூர் நாளிதழில் வந்துவிடும். கையில் இருக்கும் நல்ல கணக்கு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடும் சிபிஎஸ் நியூஸும் சேர்ந்து 2011-இல் வெளியிட்டது. முன்னணி 25 அணிகளின் 2,837 வீரர்களைச் சோதித்ததில் சுமார் 7 விழுக்காட்டினர் மீது போலீஸ் பதிவு இருந்தது. பிட்ஸ்பர்க் 22 பேரோடு முதலிடம். ஒருவர்மீதும் பதிவு இல்லாத ஒரே அணி டிசியு, அதாவது டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். ஆனால் 2012 பிப்ரவரியில் ஃபோர்ட் வொர்த் நகரில் நடந்த போதைப்பொருள் வேட்டையில் சிக்கிய மாணவர்களில் நான்கு பேர் அதே டிசியு கால்பந்து வீரர்கள். பதிவு இல்லை என்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

கைதுகளில் பெரும்பகுதி சில்லறை வகை. குடிப்பதற்குச் சட்ட வயது 21. வீரர்களில் பாதிக்கு மேல் அதற்குக் கீழே. கையில் பீர் இருந்தாலே குற்றம். வண்டி ஓட்டும்போது பெரியவர்களுக்கு ரத்தத்தில் மது 0.08 விழுக்காடு என்பது பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு என்றால், 21-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு 0.02 அல்லது அதற்கும் குறைவு. கட்டாத அபராதம், அதற்கான வாய்தாவுக்குப் போகாதது, உடனே பிடிவாரண்ட், அடுத்த வாகனச் சோதனையில் கைது: இது ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் வரிசை. அணி நிர்வாகங்கள் நிலுவை அபராதங்களைக் கவனிக்க ஆள் வைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

வேகம் மட்டும் சில்லறை இல்லை. 2023 ஜனவரி 15 அதிகாலை, ஜார்ஜியா அணியின் பட்ட விழா முடிந்த சில மணி நேரத்தில், பந்தய வேகத்தில் போன கார் மோதி வீரர் டெவின் வில்லாக்கும் அணிப் பணியாளர் சாண்ட்லர் லெக்ராயும் இறந்தார்கள். அதோடு பந்தயம் போட்ட மற்ற காரை ஓட்டிய சக வீரர் ஜேலன் கார்ட்டர், பந்தயம், அபாயகரமாக ஓட்டியது ஆகிய இரண்டு மிஸ்டிமீனர்களை எதிர்க்காமல் ஏற்று, 12 மாத நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 டாலர் அபராதமும் 80 மணி நேரச் சமூக சேவையும் பெற்றார். அந்த ஏப்ரலிலேயே, தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் 9-வது ஆளாகப் போனார்.

"அணி விதியை மீறியதால் இடைநீக்கம்" என்று மட்டும் சொல்கிறார்களே, என்ன அர்த்தம்?

பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் போதைச் சோதனையில் சிக்கியிருப்பார், அல்லது வகுப்புக்குப் போயிருக்க மாட்டார். 1974-ஆம் ஆண்டின் மாணவர் கல்விப் பதிவு அந்தரங்கச் சட்டத்தைக் காட்டி, சோதனை முடிவைப் பல்கலைக்கழகங்கள் வெளியிடுவதில்லை. கைது அப்படி இல்லை, அது பொதுப் பதிவு. புளோரிடா போன்ற மாநிலங்களில் திறந்த ஆவணச் சட்டம் பலமாக இருப்பதால் கைது அறிக்கை சில மணி நேரத்தில் நிருபர் கைக்கு வந்துவிடும். "புளோரிடாவில்தான் எல்லோரும் கைதாகிறார்கள்" என்ற கேலிக்குப் பாதிக் காரணம் அந்தச் சட்டம்.

கைதுச் செய்தி வந்ததும், சனிக்கிழமை ஆடுவாரா என்று எப்படிக் கணிப்பது?

முதலில் அது உண்மையில் கைதா, இல்லை சம்மன் சீட்டா என்று பாருங்கள். அடுத்து கவுண்டி சிறையின் இணையப் பட்டியலில் குற்றச்சாட்டு எந்த வகை என்று பாருங்கள். அங்கே எழுதியிருப்பது போலீஸ் போட்டது. அரசு வழக்கறிஞர் முறையாகப் பதிவு செய்யும்போது குறையலாம், காணாமலும் போகலாம். மூன்றாவது, பெண்கள்மீதான வன்முறை, ஆயுதம், விற்பனை நோக்கத்துடன் போதைப்பொருள் ஆகியவை இருந்தால் உடனடி இடைநீக்கம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். முதல்முறைக் கஞ்சா, குடிவயது விதிமீறல் என்றால் தொடக்க ஆட்டம் ஒன்று போகும், பல சமயம் பலவீனமான எதிரணியோடு உள்ள ஆட்டமாகப் பார்த்து.

முதல்முறை சிக்கியவர்களுக்கு வழக்குக்கு மாற்றுத் திட்டம் ஒன்று உண்டு. வகுப்பு, சமூக சேவை, கட்டணம் எல்லாம் முடித்தால் வழக்கு கைவிடப்படும். 2008-இல் புளோரிடாவில் திருட்டு மடிக்கணினி வழக்கில் கைதான கேம் நியூட்டன் இந்த வழியில்தான் வெளியே வந்தார். ஒரு ஜூனியர் கல்லூரிக்குப் போய், ஆபர்னில் சேர்ந்து, 2010-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார்.

குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே இடைநீக்கம் செய்வது நியாயமா?

இரண்டு பக்கமும் கசப்பான முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 1995-இல் நெப்ராஸ்காவின் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் முன்னாள் காதலியைத் தாக்கியதற்காகக் கைதானார். பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் அவரை ஆறு ஆட்டங்கள் வெளியே வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தார். பட்டத்துக்கான ஃபியஸ்டா போலில் புளோரிடாவை 62-24 என்று வென்ற அணியில் அவர் ஆடினார். அணிக்குள் இருந்தால்தான் திருந்துவார் என்று ஆஸ்போர்ன் சொன்ன வாதத்தை ஃபிலிப்ஸின் பிற்கால வாழ்க்கை காப்பாற்றவில்லை. 2016-இல் சிறையில் இறந்தார்.

மறுபக்கம், கால்பந்துக்கு வெளியே: 2006-இல் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் அணியின் மூவர்மீது பாலியல் வன்முறை வழக்கு. சீசனே ரத்தானது. 2007-இல் அவர்கள் நிரபராதிகள் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே அறிவித்தார். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் தொழில் உரிமத்தை இழந்தார். அண்மையில் இலினாய் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானன் 2023 டிசம்பரில் இடைநீக்கப்பட்டு, கூட்டாட்சி நீதிமன்றத் தடையாணையோடு அடுத்த மாதம் திரும்பினார்; 2024 ஜூனில் விடுதலையானார். அந்தத் தடையாணைக்குப் பிறகு, விசாரணை நடைமுறை இல்லாமல் காலவரையின்றி உட்கார வைப்பது சட்டச் சிக்கலாகும் என்று எல்லாப் பல்கலைக்கழக வழக்கறிஞர்களுக்கும் தெரியும். எங்கள் பார்வையில், தெளிவாக எழுதிய இடைக்கால விதியும், சில நாள்களுக்குள் ஒரு விசாரணையும் இருப்பதே குறைந்தபட்ச ஒழுங்கு.

ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் இன்னோரிடத்தில் சேர முடியுமா?

சேரலாம், காலங்காலமாகச் சேர்கிறார்கள். ஜார்ஜியா நீக்கிய ஒரு வீரரை அலபாமா சேர்த்துக்கொள்ள, அவர் 2015 மார்ச்சில் மறுபடி கைதானபோது, அந்த இரண்டு அணிகளும் ஆடும் எஸ்இசி கூட்டமைப்பு விழித்துக்கொண்டது. பாலியல் தாக்குதல், குடும்ப வன்முறை போன்றவற்றுக்காக நீக்கப்பட்டவரை எந்த உறுப்பு அணியும் சேர்க்கக் கூடாது என்று அதே ஆண்டு விதி கொண்டுவந்தது. பிறகு, வன்முறை தொடர்பான விசாரணையோ தண்டனையோ உண்டா என்று வீரர் ஆண்டுதோறும் எழுத்தில் சொல்ல வேண்டும், மாறிவரும் வீரரைப் பற்றிப் பழைய கல்லூரியிடம் விசாரிக்க வேண்டும் என்று என்சிஏஏயும் கட்டாயமாக்கியது. சேர்க்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள் என்பதோடு நின்றுவிட்டது.

போதைச் சோதனையை யார் நடத்துகிறார்கள்?

மூன்று அடுக்கு. என்சிஏஏ 1986 முதல் இறுதிச் சுற்றுகளிலும் போல் ஆட்டங்களிலும், 1990 முதல் ஆண்டு முழுவதும் கால்பந்தில் சோதிக்கிறது. மாதிரி எடுக்கும் வேலை கன்சாஸ் சிட்டியில் உள்ள டிரக் ஃப்ரீ ஸ்போர்ட் நிறுவனத்தினுடையது. சில கூட்டமைப்புகள் தாமாகவும் சோதிக்கின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்தச் சோதனை தனி. இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (நாடா) செய்வதுபோல உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதித்தொகுப்பை என்சிஏஏ பின்பற்றுவதில்லை. பட்டியலும் தண்டனையும் வேறு.

1986-இன் முதல் பெரிய பலி ஓக்லஹோமாவின் பிரையன் பாஸ்வொர்த். ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி 1987 ஜனவரி 1 ஆரஞ்சு போலில் ஆடத் தடை. ஆட்டத்தன்று என்சிஏஏயைக் கம்யூனிஸ்டுகள் என்று கேலி செய்யும் சட்டை போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். அணி அவரைக் கைகழுவியது.

மாதிரி எடுக்கும்போது என்ன நடக்கும்?

அறிவிப்பு மிகக் குறுகிய கால அவகாசத்தில் வரும். அடையாள அட்டையோடு போக வேண்டும். மூடி முத்திரையிட்ட கிண்ணங்களில் ஒன்றை வீரரே தேர்ந்தெடுப்பார். அதே பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க, சிறுநீர் கழிக்க வேண்டும். சங்கடம்தான், போலி மாதிரியைத் தடுக்க வேறு வழி இல்லை.

அங்கேயே நீர்ப்பு அளவையும் அமிலத் தன்மையையும் பார்ப்பார்கள். தண்ணீர் அதிகம் குடித்து நீர்த்துப்போன மாதிரி தூக்கி எறியப்படும். சரியான மாதிரி வரும்வரை வீரர் வெளியேற முடியாது. ஏற்கத்தக்க மாதிரியை ஏ, பி என இரண்டு குப்பிகளாகப் பிரித்து முத்திரையிட்டு, எண்களைச் சரிபார்த்து வீரர் கையெழுத்திடுவார். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டுமே. ஏ-யில் தடைப்பொருள் தெரிந்தால் பி திறக்கப்படும்; அப்போது வீரரோ அவர் சார்பில் ஒருவரோ இருக்கலாம்.

வராமல் இருந்துவிட்டால்?

சிக்கியதாகவே கணக்கு. மாதிரியில் கலப்படம் செய்து பிடிபட்டால் அதைவிட மோசம்: குறைந்தது இரண்டு சீசன் போகும்.

காபி, சளி மாத்திரை, கவனக்குறைவுக்கான மருந்து இவையெல்லாம் பிரச்சினையா?

காஃபின் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் மீறல். ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு சுமார் 500 மில்லிகிராம், அதாவது ஆறு முதல் எட்டுக் கோப்பை காபி, குடித்தால் அந்த அளவு வரலாம். காபியில் சிக்குவது அரிது. காஃபின் மாத்திரையும் உடற்பயிற்சிக்கு முந்தைய தூளும் எனர்ஜி பானமும் சேரும்போதுதான் ஆபத்து. சளி மாத்திரையில் உள்ள சூடோஎபெட்ரின் என்சிஏஏயில் தடையில்லை.

கவனக்குறைவுக்கான மருந்துகளான அடரால், ரிட்டலின் ஆகியவை தடைசெய்யப்பட்ட ஊக்கிகள். மருத்துவ விலக்கு கிடைக்கும், ஆனால் வெறும் மருந்துச் சீட்டு போதாது. எப்படி நோய் கண்டறியப்பட்டது, என்ன மதிப்பீடு நடந்தது, மருந்தளவு எவ்வளவு என்ற மருத்துவரின் ஆவணங்கள் முன்கூட்டியே விளையாட்டு மருத்துவப் பிரிவில் கோப்பில் இருக்க வேண்டும். பள்ளிக்கால மருத்துவரிடம் அந்தக் கோப்பு மாட்டிக்கொண்டு, சோதனைக்குப் பிறகு தேடி அலைவதுதான் வழக்கமான கோளாறு. நண்பனின் மாத்திரையை எடுத்துப் பரீட்சைக்குப் படித்தேன் என்றால் விலக்கே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் வகை என்றால் உட்கொள்ளும் முன்பே என்சிஏஏ ஒப்புதல் வேண்டும்.

கடையில் விற்கும் சப்ளிமென்ட் எப்படி ஆளைக் கவிழ்க்கிறது?

அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய பொருள்கள் விற்பனைக்கு வரும் முன் அரசு ஒப்புதல் தேவையில்லை. லேபிளில் இல்லாதது உள்ளே இருக்கலாம்; அதே இயந்திரத்தில் முன்பு அரைத்த வேறொரு பொருளின் துகள் கலந்திருக்கலாம். ஆய்வகக் கருவிகளோ மிகச் சிறிய சுவட்டையும் காட்டிவிடும்.

2015 அக்டோபரில் புளோரிடா ஆறு ஆட்டங்களையும் வென்றிருந்தபோது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வில் கிரையர் சிக்கினார். கடையில் வாங்கிய பொருளை அணி மருத்துவரிடம் காட்டாமல் எடுத்துக்கொண்டேன் என்றார். ஓராண்டுத் தடை. 2018 டிசம்பரில் கிளெம்சனின் டெக்ஸ்டர் லாரன்ஸ் உட்பட மூவரின் மாதிரியில் தசை வளர்க்கும் தடைப்பொருளான ஆஸ்டரின் சுவடு. எப்படி உள்ளே வந்தது என்று தெரியவில்லை என்றது அணி. காரணம் தெரியாதது தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. லாரன்ஸ் என்எஃப்எல் போய்விட, மற்ற இருவரும் 2019-இன் வழக்கமான சீசன் முழுவதையும் இழந்தார்கள்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், தடைப்பொருள் கலந்திருக்கிறதா என்று வெளியார் சோதித்துத் தரும் என்எஸ்எஃப் விளையாட்டுச் சான்றிதழோ இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரையோ உள்ளதை மட்டும், தொகுதி எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். விளையாட்டுத் துறையின் பொறுப்பாளரிடம் பொருளின் பெயரைச் சொல்லி மின்னஞ்சலில் கேளுங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்.

மின்னஞ்சல் எதற்கு?

மேல்முறையீட்டுக்கு. ஊக்கமருந்தில் முதல்முறை சிக்கினால் 365 நாள் தடை, ஒரு சீசன் தகுதியும் போகும். மறுபடி ஆட, இன்னொரு சோதனையில் சுத்தமாக வர வேண்டும். இரண்டாம் முறை என்றால் கல்லூரி ஆட்டமே முடிந்தது. மேல்முறையீட்டைப் பல்கலைக்கழகம்தான் செய்ய வேண்டும். "தெரியாது" என்பது தனியாக நிற்காது. குறிப்பிட்ட பொருளைப் பற்றித் துறையிடம் கேட்டேன், தடையில்லை என்றார்கள் என்று காட்ட முடிந்தால் குழு காதுகொடுக்கும். வாய்மொழியாகக் கேட்டதை யாரும் பிறகு ஒப்புக்கொள்வதில்லை.

கஞ்சா இப்போது அனுமதியா?

என்சிஏஏ அளவில், முதல் பிரிவில், 2024 ஜூனில் தடைப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்; அப்போது தண்டனையில் இருந்தவர்களும் விடுவிக்கப்பட்டார்கள். படிப்படியாக வந்த மாற்றம் இது: 2014-இல் ஒரு சீசன் தடை அரை சீசனானது, 2022-இல் வரம்பு மில்லிலிட்டருக்கு 35 நானோகிராமிலிருந்து 150-க்கு உயர்ந்தது. அதற்கு முன்பும் என்சிஏஏ கஞ்சாவை இறுதிச் சுற்று, போல் ஆட்டங்களில் மட்டுமே தேடியது. சீசன் நடுவே சிக்கியவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகச் சோதனையில் சிக்கியவர்கள்.

எனவே நடைமுறையில் நினைப்பதைவிடக் குறைவாகவே மாறியிருக்கிறது. பல்கலைக்கழகம் தன் விதியை வைத்துக்கொள்ளலாம். கூட்டாட்சி நிதி வாங்கும் நிறுவனம் வளாகத்தில் கஞ்சாவை அனுமதிக்க முடியாது. கொலராடோ போலச் சட்டபூர்வமான மாநிலத்திலும் வயது வரம்பு 21. சட்டபூர்வமில்லாத பக்கத்து மாநிலத்துக்கு ஆட்டத்துக்குப் போகும்போது பையில் இருந்தால் கைதாகலாம்.

பல்கலைக்கழகம் தன் சொந்த விதியையே மீறினால்?

அப்போது மட்டும் என்சிஏஏ உள்ளே வரும். சோதனைத் திட்டம் வைத்திருப்பது கட்டாயமில்லை, எழுதி வைத்தால் பின்பற்றுவது கட்டாயம். 2015-இல் சிரக்யூஸ் கூடைப்பந்து அணிமீதான தீர்ப்பில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. பயிற்சியாளர் ஜிம் பேஹைம் ஒன்பது ஆட்டங்கள் வெளியே இருந்தார். கடுமையான விதியைப் பெருமைக்காக எழுதி வைத்துவிட்டு நட்சத்திர வீரருக்காகக் கண்ணை மூடுவது, விதியே இல்லாததைவிட அபாயம்.

என்எஃப்எல் வாய்ப்பு போய்விடுமா?

சரியும், பெரும்பாலும் போகாது. 2011-இல் ஹைஸ்மன் இறுதிப் பட்டியலில் இருந்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வீரர் டைரன் மேத்யூ, 2012 ஆகஸ்டில் நீக்கப்பட்டார். அக்டோபரில் கஞ்சா வழக்கில் கைது. அடுத்த ஆண்டு மூன்றாம் சுற்றில்தான் எடுத்தார்கள், ஆனால் நீண்ட, சிறப்பான தொழில்வாழ்க்கை அமைந்தது. 2016 தேர்வு இரவில் லாரமி டன்சில் வாயுமூடி வழியாகப் புகைக்கும் காணொளி அவருடைய கணக்கிலேயே வெளியாகி, 13-வது இடம் வரை சரிந்தார். கஞ்சாவுக்காக மட்டும் இடைநீக்கம் செய்வதை என்எஃப்எல் 2020 ஒப்பந்தத்தோடு நிறுத்திவிட்டது. வன்முறை வழக்கில் அந்தத் தாராளம் இல்லை.

வெளிநாட்டு மாணவர் விசாவில் உள்ள வீரர் கைதானால்?

பந்தைத் தூரமாக உதைக்கும் ஆஸ்திரேலியப் பன்ட்டர்கள் நிறையப் பேர் ஆடுவதால் இது கற்பனைக் கேள்வி அல்ல. எஃப்-1 விசாவில் படிக்கும் நம் ஊர் மாணவர்களுக்கும் அப்படியே பொருந்தும். குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே, தீர்ப்பு வரும் முன்பே, அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். உள்ளே தங்கிப் படிப்பதை அது தானாக நிறுத்தாது, ஆனால் ஊருக்குப் போனால் புதிய விசா எடுத்துத்தான் திரும்ப முடியும். கஞ்சா மாநிலத்தில் சட்டபூர்வமாக இருந்தாலும் குடியேற்ற விஷயத்தில் கூட்டாட்சிச் சட்டமே செல்லும். அமெரிக்கக் குடிமகனுக்கு வழக்கிலிருந்து தப்பும் வழியாக இருக்கும் மாற்றுத் திட்டத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பகுதி இருந்தால், குடியேற்றச் சட்டம் அதைத் தண்டனையாகவே கருதலாம். எனவே எதிலும் கையெழுத்திடும் முன் குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் கலந்து பேச வேண்டும்.